டீச்சர் பட்டியலில் விட்டுப்போன சொல்

நம்முடைய பழைய பள்ளிக்கூடத்திலிருந்து உங்களுக்கும் கடிதம் வந்திருக்கும். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து பெரிய விழா எடுக்கிறார்களாம். மாணவர்களைக் கொண்டாடுகிறார்களாம், ஆசிரியர்களைக் கொண்டாடுகிறார்களாம், வளர்ச்சியைக் கொண்டாடுகிறார்களாம். மலர் ஒன்று அச்சாகிறதாம். உயிரோடு இருக்கிற பழைய மாணவிகளிடம் ஆளுக்கு ஒரு வரி வாங்குகிறார்கள். உயிரோடு இருப்பதைத் தவிர வேறு என்ன சாதித்தீர்கள் என்று கேட்காதவரைக்கும் நமக்குக் குறைச்சல் இல்லை.

எனக்கு ஒரு வரி போதாது. மலரில் போட முடியாததை உங்கள் மூன்று பேருக்கும் சொல்லிவிடுகிறேன். கருங்கல் ஊரில் மகன் வீட்டில் இருக்கிறவளே, புதுக்கடைச் சந்தியில் ஜவுளிக்கடை வாசலில் உட்கார்ந்து இன்னும் வேலையாட்களை விரட்டுகிறவளே, பேத்தியோடு பம்பாய்க்குப் போய் முட்டுவலியைப் பற்றி மட்டும் கடிதம் எழுதுகிறவளே, கேளுங்கள். நாம் நாலு பேரும் நாலாம் கிளாஸோடு நின்றோம். டீச்சர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டார், அதனால் அஞ்சாம் கிளாஸ் வரவில்லை என்று நம் ஹெட்மாஸ்டர், அந்தப் பெரிய சார் சொன்னார். இத்தனை வருஷமும் நீங்கள் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது பொய். நம் படிப்பை நிறுத்தியது என் வாய்.

மலையாளத்து மகாராஜா நம் பக்கத்தையும் ஆண்ட காலம். கோவில் நடை எல்லாச் சாதிக்கும் திறந்ததற்கு முந்தின வருஷம். ஓட்டுக் கட்டிடத்தில் ஏழாம் கிளாஸ் வரைக்கும் ஆண்பிள்ளைகள் படித்தார்கள். அதை ஒட்டி இறக்கிய ஓலைச் சார்ப்பில் நாலாம் கிளாஸ் வரைக்கும் நாம். மழை பெய்தால் ஓட்டுக்கூரைத் தண்ணீர் முழுவதும் நம் ஓலை மேல்தான் கொட்டும். சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எழுதினது அழிந்து சாம்பல் நிறத்தில் கைவழியாக ஓடும். அதற்கும் அடி விழும், டீச்சர் வருவதற்கு முன்னால்.

டீச்சர் எந்த ஊர்க்காரி என்று நமக்குச் சரியாகத் தெரியாது. கடற்கரைப் பக்கம் என்றார்கள். வெள்ளைச் சேலை, கக்கத்தில் ஒரு கறுத்த குடை. குடைக்கு ஒரு கம்பி உடைந்து அந்த மூலை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். வந்த முதல் வாரமே பெரிய சாரிடம் போய், மழைத் தண்ணீர் விழாமல் ஒரு தகரம் அடிக்கச் சொல்லிக் கேட்டார். பெரிய சாரிடம் யாரும் எதுவும் கேட்டு நாம் பார்த்ததில்லை. தகரம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து பெரிய சார் நம் சார்ப்பின் பக்கம் வரும்போது மூக்குப்பொடி டப்பாவைத் தட்டுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

டீச்சருக்குத் தற்காலிக வேலை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். நிரந்தரமானால் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக அஞ்சாம் கிளாஸ் தொடங்கலாம் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்கள். அந்த அஞ்சாம் கிளாஸுக்கு நாலே பேர். நாம்.

ஆகையால் டீச்சர் நம் நாலு வீட்டுக்கும் நடந்தார். என் வீட்டுக்கு வந்தபோது அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் முற்றத்தில் குடையை ஊன்றி நின்றுகொண்டே பேசினார்.

“அய்யா, குட்டிய அஞ்சாம் கிளாசுக்கு விடணும்.”

“அஞ்சாம் கிளாசு எங்க இருக்கு டீச்சர்? ஆம்பிளப் பிள்ளியளுக்க கூட இருத்த முடியாது கேட்டியளா.”

“தனியா வரப்போவுது. இன்ஸ்பெக்டரு நல்லபடியா எழுதினா வரும். வந்தா விடுவியளா?”

அப்பா கரண்டி மாதிரிக் கோட்டிய பலா இலையைக் கீழே வைக்காமல் யோசித்தார். வராத ஒன்றுக்குச் சரி என்று சொல்வதில் என்ன நட்டம் என்று நினைத்திருப்பார். “வந்தா விடுதேன்” என்றார்.

“வாக்கா?”

“வாக்குத்தான்.”

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா உள்ளே பாத்திரத்தை அடுக்குகிற சத்தம் சட்டென்று நின்றது.

அவர் சிலேட்டில் எழுதித் தருகிற சொல் உங்களுக்கு நினைவிருக்கும். மற்ற சார்கள் ‘சரி’ என்று போடுவார்கள், இல்லாவிட்டால் ஒன்றும் போடமாட்டார்கள். டீச்சர் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினால் மட்டும் சிலேட்டின் மூலையில் ‘கொள்ளாம்’ என்று எழுதுவார். நம் பக்கத்தில் மீன்குழம்பு கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் வாயால் சொல்கிற சொல்தான். ஆனால் எழுத்தில் பார்த்தது அவர் கையில்தான். புதுக்கடைக்காரியே, நீ ஒருநாள் ‘கொள்ளாம்’ வாங்கிவிட்டு, அழிந்துவிடக்கூடாது என்று சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய். உன் பாவாடையில்தான் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. மறுநாள் வந்து அழுதாய். எனக்கு அந்த வருஷம் மூன்று ‘கொள்ளாம்’ கிடைத்தது. அதைவிடப் பெரிய சொல் உலகத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த வருஷ வார்ஷிகம் பெரிய வார்ஷிகம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தனித்தனியாக நடத்தாமல், சுற்றிலும் இருக்கிற பள்ளிகள் எல்லாம் நம் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஆண்டுவிழாவைச் சேர்ந்து கொண்டாடுவது என்று முடிவாயிற்று. காலையில் இன்ஸ்பெக்டர் நம் பள்ளிக்கூடத்தைப் பரிசோதிப்பார். மத்தியானத்துக்கு மேல் அவரே தலைமை வகிப்பார். நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு, நல்ல வாத்தியார்களுக்குக் கசவுக்கரை நேரியல், அதாவது ஜரிகைக்கரை மேல்துண்டு.

இன்னொரு விசேஷமும் இருந்தது. அதுவரைக்கும் வந்த இன்ஸ்பெக்டர்கள் மலையாளத்துக்காரர்கள். இந்தத் தடவை வருகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர், நம் பேச்சில் பாண்டிக்காரர். ஊரே மகிழ்ந்துபோயிற்று. நம்ம பாஷைக்காரர் வாறார், இனி நம்ம பிள்ளியளுக்க பேச்சு இன்ஸ்பெக்டருக்குப் புரியும் என்று சந்தையில்கூடப் பேசிக்கொண்டார்கள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

டீச்சருக்கு மட்டும் கவலை. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நம் சொல், அந்தப் பக்கம் ஏட்டுச்சொல் என்று எழுதினார். வெள்ளம், தண்ணீர். சாடினான், குதித்தான். பறஞ்சான், சொன்னான். விளித்தான், கூப்பிட்டான். மரச்சீனி, மரவள்ளிக்கிழங்கு. பலகை நிறைந்துவிட்டது.

“பாண்டிக்காரருக்கு நம்ம பேச்சு பிடிகிட்டாது மக்களே. அவரு போறது வர எவளாவது வெள்ளம்னு பறஞ்சா நாக்குல சூடு வெப்பேன்.”

பம்பாய்க்காரி, நீதான் கேட்டாய். “அப்பம் தாகிச்சா என்னத்தக் கேக்கணும் டீச்சர்?”

“ஒண்ணும் கேக்காண்டாம். தொண்ட வறண்டு இருந்துக்கோ.”

இரண்டு வாரம் அந்தப் பட்டியலைப் பாடினோம். வீட்டில் அம்மாவிடம் ‘தண்ணீர் தாருங்கள்’ என்று கேட்டு நான் குட்டு வாங்கினேன். ஆறுகள், வாய்ப்பாடு, செய்யுள் எல்லாம் மனப்பாடம். இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார் என்று டீச்சர் எண்ணிப் பார்த்த கேள்விகளுக்கெல்லாம் ஏட்டுத்தமிழில் பதில் தயார். கூடவே ஒரு கும்மிப்பாட்டும்.

அன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் குலைவாழை கட்டியிருந்தார்கள். குருத்தோலையில் கிளி செய்து தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வரிசைவரிசையாக வந்து வெயிலில் நின்றார்கள். நாரங்கா என்கிற எலுமிச்சை பிழிந்த பானகத்தை ஒரு பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் கலக்கி, ஈ விழாமல் வாழையிலையால் மூடி வைத்திருந்தார்கள். பிச்சிப்பூவும் புது ஓலையும் நாரங்காத் தோலும் சேர்ந்த அந்த மணம் எங்கேயாவது வந்தால் இப்போதும் நான் அங்கிருந்து எழுந்து போய்விடுவேன்.

பரிசோதனை ஓட்டுக் கட்டிடத்தில் நடந்தது. பள்ளிக்கூட மானேஜர், நாலைந்து வாத்தியார்கள், பெற்றோர் என்று சிலரைச் சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அப்பாவும் இருந்தார், தோளில் புதுத் துண்டோடு. நம் நாலு பேரையும் உள்ளே விட்டதும் பெரிய சார், “டீச்சர், பந்தல்ல சின்னப் பிள்ளியளு சாடுது. நீங்க அங்க நில்லுங்க” என்று டீச்சரை வெளியே அனுப்பினார். டீச்சர் போகும்போது என் பின்னலை ஒருதரம் இழுத்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். அந்த வெயிலிலும் கம்பளிக் கோட்டு. கோட்டில் பாச்சை உருண்டை வாசனை. மேல்பையில் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். நான் அதுவரை பார்த்திராத சாமான். ஆறுகளைக் கேட்டார், சொன்னோம். வாய்ப்பாடு கேட்டார், சொன்னோம். செய்யுளை நான் ஒருத்தி நின்று ஒப்பித்தேன். “பேஷ்” என்றார். சுவரோரத்தில் அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். திரும்ப மடித்து வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“குழந்தாய், உன் டீச்சர் எப்படி? பயப்படாமல் சொல்லவேண்டும்.”

இது மனப்பாடம் பண்ணாத கேள்வி. ஏட்டுத்தமிழில் இதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் பதில் இல்லாமலா? என்னிடம் இருந்ததிலேயே பெரிய சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.

“கொள்ளாம் சார்.”

“என்ன?”

“எங்க டீச்சரு கொள்ளாம் சார்.” சத்தமாகச் சொன்னேன். அவர் காதில் அது எப்படி விழுந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

“நீ மட்டும்தான் இப்படி நினைக்கிறாயா? மற்றவர்களுமா?”

“எல்லாரும் அப்பிடித்தான் சார்.”

நீங்கள் மூன்று பேரும் தலையை ஆட்டினீர்கள். வேகவேகமாக ஆட்டினீர்கள். அவர் பெரிய சார் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பெரிய சார் மூக்குப்பொடி டப்பாவை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு சுத்தமான ஏட்டுத்தமிழில் சொன்னார்.

“பிள்ளை பொய் சொல்லாது சார்.”

இன்ஸ்பெக்டர் விசிட் புஸ்தகத்தைத் திறந்து, சிவப்பு முனையால் எழுதினார். நிறைய எழுதினார். எழுதி முடித்ததும் அந்தப் பென்சிலை என்னிடம் நீட்டினார். “உண்மை பேசிய குழந்தைக்கு” என்றார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம்மை வெளியே போகச் சொன்னார்கள். நீங்கள் மூன்று பேரும் அந்தப் பென்சிலுக்காகப் பொறாமைப்பட்டு என்னோடு பேசாமல் நடந்தீர்கள்.

மத்தியானத்துக்கு மேல், கும்மிக்காக ஓலைத் தட்டிக்குப் பின்னால் நமக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் உள்ளே வந்தார். விசிட் புஸ்தகத்தைப் பெரிய சார் அவரிடம் வாசிக்கக் கொடுத்திருக்கவேண்டும். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“மக்களே, இன்ஸ்பெக்டரு என்னப் பத்தி என்ன கேட்டாரு?”

“டீச்சரு எப்பிடின்னு கேட்டாரு.”

“நீ என்ன பறஞ்ச?”

“கொள்ளாம்னு பறஞ்சேன் டீச்சர்.”

 அவர் என் காதோரத்தில் சரிந்த பூவை எடுத்துத் திரும்பச் செருகினார். “பட்டியல்ல ஒரு வார்த்த விட்டுப்போச்சு” என்றார். எனக்கு இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி. நான் கும்மிப்பாட்டில் ஒரு சொல் விட்டுப்போனதாக நினைத்து, பாட்டை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப்பார்த்தேன். எல்லாச் சொல்லும் இருந்தது.

அவர் கும்மியை நிறுத்தவில்லை. பந்தலின் ஓரத்தில் நின்று கைத்தாளம் போட்டு அவரே பாடினார். ஒரு அடி பிசகவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். அப்புறம் வாத்தியார்களை மேடைக்குக் கூப்பிட்டு நேரியல் போர்த்தினார்கள். எல்லாப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் ஏறினார்கள். வகுப்பில் தூங்குகிற டிரில் சாருக்கும் கிடைத்தது. டீச்சர் பெயரை யாரும் விளிக்கவில்லை. பெரிய சார் பேசினார். நம் பள்ளிக்கூடங்கள் முன்னேறிக்கொண்டிருக்கின்றன என்றார். பெண்கல்வி விளக்கு என்றார். நான் பென்சிலைப் பாவாடைக் கட்டில் செருகிக்கொண்டு பானகம் குடித்தேன்.

விழா முடிந்து இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் ஏறினார். நானும் அப்பாவும் வாசலில் குலைவாழைக்குப் பக்கத்தில் நின்றோம். டீச்சர் வண்டியின் பக்கத்தில் போய் ஏதோ சொன்னார். சொல்லச்சொல்ல இன்ஸ்பெக்டரின் முகம் கடுத்தது.

“அந்தக் குழந்தையைப் பொய்யாக்கப் பார்க்கிறீர்களா அம்மா?” என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். அப்பாவைக் கண்டதும் ஓடிவந்தார்.

“அய்யா, நீங்க உள்ள இருந்தியல்லா? குட்டி பறஞ்சதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க ஒரு வார்த்த வந்து பறயுங்க. நான் பறஞ்சா நம்பமாட்டேங்காரு.”

அப்பா துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். “நான் பொறத்தால்லா நின்னேன் டீச்சர். எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.

அப்பா உள்ளேதான் இருந்தார். நான் பார்த்தேன். நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பொய் சொல்லும்போது கண்டுபிடிக்கத் தெரியும், எதற்காக என்றுதான் தெரியாது. வண்டி போய்விட்டது. டீச்சர் குடையை விரித்தார், வெயில் தாழ்ந்த பிறகும். தொங்குகிற மூலை அவர் முகத்தை மறைத்துக்கொண்டது.

அடுத்த மாதம் பெரிய சாரின் தங்கை மகள் டீச்சராக வந்தாள். பயிற்சி முடித்து ஒரு வருஷமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பின்னல் வேலை நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அஞ்சாம் கிளாஸ் வரவில்லை. நாம் நாலு பேரும் ஓலைப்பெட்டி முடையக் கற்றுக்கொண்டோம்.

பென்சிலை நான் என்ன செய்தேன் தெரியுமா? தம்பியை எதிரே உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடினேன். அவன் பழைய காகிதத்தில் கிறுக்குவான். நான் சிவப்பு முனையால் மூலையில் ‘கொள்ளாம்’ என்று எழுதுவேன். ஒரு வருஷத்துக்குள் சிவப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது.

பதினைந்து வயதில் என்னைத் திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மாமியார் புளிக்குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்டார். உண்மையிலேயே நல்ல குழம்பு.

“கொள்ளாம் மாமி” என்றேன்.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “கொள்ளாமப் போச்சா? வந்து மூணு நாளு ஆகல, அதுக்குள்ள என் கொழம்பு வேண்டாதது ஆயிட்டோ?” என்று ஆரம்பித்தவர் அன்று முழுவதும் ஓயவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் என் நாத்தனார்தான், நாகர்கோவிலில் கொஞ்சநாள் இருந்தவள், விழுந்துவிழுந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். “அம்மா, அவுக ஊர்ல கொள்ளாம்னா நல்லாருக்குன்னு அர்த்தம். நம்ம காதுக்குத்தான் வேண்டாம்ங்கற மாதிரி கேக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்துவிட்டார். நான் எச்சில் கையோடு இருந்தேன். பாச்சை உருண்டை வாசனை வந்தது. சிவப்பு முனை காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. பட்டியலில் விட்டுப்போன வார்த்தை எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் வாயில் எந்நேரமும் புழங்குகிற சொல், தன் கையாலேயே எழுதிக்கொடுக்கிற சொல், அது நம் ஊர்ச்சொல் என்று டீச்சருக்கே நினைவு வரவில்லை. ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தேன். மூன்று நாளிலேயேவா என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள்.

ஆடி மாதம் பிறந்த வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத்தான் கேட்டேன். மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்தார். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

“அன்னைக்கு இன்ஸ்பெக்டரு என்ன எழுதினாரு அப்பா?”

அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. மண்ணை உதறிக்கொண்டே சொன்னார். யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசி ஒன்று இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. டீச்சர் பிள்ளைகளை அடிக்கிறார், பெற்றோரை மிரட்டுகிறார் என்று. அதை வைத்துக்கொண்டுதான் என்னைக் கேட்டார். நம்மை வெளியே அனுப்பிய பிறகு, எழுதினதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பிள்ளைகளே இந்த ஆசிரியை வேண்டாம் என்கிறார்கள் என்று. வாசித்துவிட்டு, யாருக்காவது இதில் மறுப்பு உண்டா என்றும் கேட்டார்.

“உங்களுக்கு நான் பறஞ்சது தெரியும்லா?”

“தெரியாம என்ன? அங்க இருந்த எல்லாவனுக்கும் தெரியும்.”

“பின்ன ஏன் அப்பா ஒருத்தரும் வாய தொறக்கல?”

“பெரிய சாரு வாய தொறக்கல, மானேஜரு தொறக்கல. எனக்கு மட்டும் என்ன?” ஒரு கிழங்கை முறித்துப் பார்த்தார். “பின்ன, நான் பறஞ்சா டீச்சரு நிப்பா. டீச்சரு நின்னா அஞ்சாம் கிளாசு வரும். அஞ்சு வந்தா ஆறும்பா, ஏழும்பா. ஏழு படிச்ச குட்டிக்கு மாப்பிள்ளைக்கு நான் எங்க போவேன் மக்களே?”

“டீச்சருக்கு வாக்குக் குடுத்தியளே.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏமாற்றின முகம் இல்லை அது. நியாயம் பேசுகிற முகம்.

“வந்தா விடுதேன்னு பறஞ்சேன். வரல்ல. நான் வாக்கு மாறல்லியே.”

அதற்குப் பிறகு அவர் இருபது வருஷம் இருந்தார். நல்ல அப்பாதான். பிரசவத்துக்கு வந்தபோது மட்டி வாழைப்பழம் குலையோடு வாங்கித் தொங்கவிட்டார். அவரை நான் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது.

அந்த அறையில் இருந்தவர்களை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மானேஜர், பெரிய சார், டிரில் சார், பெற்றோர்கள், உங்கள் அப்பாக்களில் இரண்டு பேர். ஆமாம், அவர்களும் இருந்தார்கள். அந்த அறையில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாதவர் ஒரே ஒருவர். பென்சில் அவர் கையில் இருந்தது.

டீச்சரை நான் தேடாமல் இல்லை. மலையடிவாரத்தில் ஏதோ பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிகமாக அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளோடு திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போன ஒரு தடவை, குளிக்காமல் நான் மட்டும் ஊருக்குள் போய் விசாரித்தேன். கிழங்கு அவித்து விற்கிற ஒருத்திக்கு நினைவிருந்தது.

“கம்பி ஒடிஞ்ச கொட வெச்சிருந்த டீச்சரா? இங்க ஒரு மழைக்காலம் இருந்தாவ. மலைக்காய்ச்சல்ல போய்ட்டாவ. எங்களுக்குப் படிப்பிச்சாவ.” ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். “டீச்சரு கொள்ளாம் கேட்டியளா. நல்ல கொள்ளாம்.”

அவளுடைய கிழங்கை வாங்கிக்கொண்டு வந்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை, தின்னவும் இல்லை.

இதை உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் உன்னால்தான் எங்கள் படிப்பு போயிற்று என்பீர்கள் என்று பயம். இப்போது சொன்னால் சண்டைக்கு வர உங்களில் ஒருத்திக்கும் கால் ஓடாது, அந்தத் தைரியம். பத்து வயதில் நான் செய்தது தப்பில்லை என்று என் மகள் சொல்கிறாள். தப்பு இல்லைதான். ஆனால் டீச்சரின் பிழைப்பு என் நாக்கில்தான் இருந்தது, போனதும் அதன் வழியாகத்தான். அந்தப் பரிசையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனே.

நேற்று அந்த மலருக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சின்ன டீச்சர் வீட்டுக்கே வந்தாள். நல்ல பிள்ளை. கையில் ஒரு அட்டை. அதில் பெரிய சாரின் படத்தை மாலையோடு அச்சடித்திருந்தார்கள். பெண்கல்விக்கு விளக்கேற்றியவர் என்று கீழே போட்டிருந்தது. நம் டீச்சர் படம் இல்லை, பெயரும் இல்லை. ஒரு மழைத் தகரம்கூட அவர் பெயரில் இல்லை.

“பாட்டி, அந்தக் காலத்துல நம்ம பள்ளிக்கூடம், ஹெட்மாஸ்டர் எல்லாம் எப்பிடின்னு ஒரு வார்த்த எழுதித் தாருங்க. ஒரே ஒரு வார்த்த போதும்” என்றாள்.

பேனாவை வாங்கினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. ‘கொள்ளாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, “நம்ம ஊர் வார்த்த பாட்டி, இத அப்பிடியே பெருசாப் போடச் சொல்லுதேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாள்.

மலர் உங்கள் கைக்கும் வரும். ஊர் அதைத் தன் காதால் வாசிக்கட்டும். நீங்கள் மூன்று பேராவது அந்தத் திருநெல்வேலி இன்ஸ்பெக்டர் காதால் வாசியுங்கள்.